உள். குசினி. பகல்

காலையில் முதல் வேலையாய்
பிரிட்ஜின் வாயை மூடினேன்.
நிப்பாட்டியவள் மறந்துபோவாள் என்று
ஸ்கூட்டித் திறப்பை உள்ளே வைத்தேன்,
சூரைத் துண்டுக்கும் ஐஸ்பக்கட்டுக்கும் நடுவில்.
திறப்பில்லாமல் வீடு போக ஏலாது.
எங்கள் தொழிலில் ஞாபகசக்தி அவ்வளவுதான்.

ஆனி மாதம், ஆரையம்பதி.
கச்சான் கூரைத் தகட்டைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது.
மைக்குக்கு நான் தைத்த சட்டை
காத்தான்குடிக் கடையொன்றில் வாங்கிய கரடிப் பொம்மையின் தோல்;
ஒரு கண் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
பூம் என்று மரியாதையாய்ச் சொல்வது
சுவருக்குப் பெயின்ற் அடிக்கிற தடி.

முதல் டேக்கை சூன்பாண்காரன் கொண்டுபோனான்.
அடுத்ததைச் சேவல்.
மூன்றாவது நல்லாய் வந்துகொண்டிருக்க
லுஹர் பாங்கு.
கீர்த்திகன் கைகட்டி நின்றான் முடியும்வரை.
நான் அதையும் பதிந்துவைத்தேன்,
எதற்கென்று தெரியாமல்.

காட்சி இதுதான்:
கட்டாரிலிருந்து புருசன் எடுக்கிறான்,
இந்த முறையும் லீவு இல்லை என்கிறான்,
வைக்கிறான்.
லக்சாயினி மேசையில் அப்படியே இருக்கிறாள்.
நாற்பது செக்கன். வசனம் இல்லை.

எடுத்து முடிந்ததும் அறையின் சத்தம் தனியே வேண்டும் என்றேன்.
ஏழு பேர் சிலையானார்கள்.
யாருடையதோ வயிறு மட்டும் கீழ்ப்படியவில்லை.

பின்னேரம் பார்த்தால் ஸ்கூட்டிக்குக் காற்றில்லை.
லக்சாயினியின் பின்னால் ஏறி வந்துவிட்டேன்.
இரவு பதினொன்றுக்கு யோகமலர் அக்கா:
“புள்ள, உன்ட திறப்பு
தண்ணிக்குள்ள கிடக்குது.”

*

கல்லடி அறையில் எட்டு நாள்.
கச்சானை வழித்தெடுத்தேன்,
கோழியை, தகட்டை, மூச்சை.
நாற்பது செக்கனும் கழுவிக் கவிழ்த்த கோப்பை மாதிரி.
கீர்த்திகன் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினான்:
“இது வீடு இல்ல. மோச்சறி.”

மின்விசிறி வைத்துப் பார்த்தேன்.
கடலை, தூரத்தில், மெல்லிசாய்.
ஒன்றும் அந்த மேசையில் இருக்க மறுத்தது.

(பாடும் மீனைப் பதிஞ்சியா என்று
பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள்.
இல்லை. அது இல்லை எனக்கு வேண்டியது.)

*

முப்பத்திரண்டு ஐஸ்பக்கட், ஒரு கிலோ சூரை.
காசைக் கொடுத்துவிட்டு
பிரிட்ஜைக் கொஞ்சம் பதியலாமா என்றேன்.
“இதையா கா அண்டைக்கு நிப்பாட்டினீங்க?”
சிரித்துச் சிரித்து அடுப்பை அணைத்தா.

நிலத்தில் இருந்தோம். கரடி பிரிட்ஜைப் பார்த்தபடி.
“இப்ப இருமும் பாரு” என்றா.
இருமியது.
“குவைத்துல பன்னிரண்டு வருசம்
எனக்குக் குசினிக்குள்ளதான் படுக்கை.
இது ஓடினா நித்திரை வரும்.
நிண்டா, பட்டெண்டு முழிச்சிருவன்.”
மறுகா ஒன்றும் சொல்லவில்லை.

பதினெட்டு நிமிடம் கிடைத்தது.
அவவின் குரலை வெட்டி வெட்டித்தான்
அந்த இரைச்சலைத் தைத்தேன்.
வெட்டியவற்றை வேறொரு கோப்பில் போட்டிருக்கிறேன்.
அதற்குப் பெயர் வைக்கவில்லை இன்னும்.

*

காட்டிய அன்று மண்டபத்தில் அறுபது கதிரை.
பரீட்சகர் தாளில் எழுதியதைப் பிறகு பார்த்தேன்:
பின்னணி இரைச்சல் நீக்கப்படவில்லை. கவனம் தேவை.

ஆனால் அதற்கு முதல்,
திரையில் லக்சாயினி அசையாமல் இருக்க,
முப்பத்தேழாவது செக்கனில்
பிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி ஓய,
மூன்றாவது வரிசையில் யோகமலர் அக்கா
கதிரையை விட்டு அரைவாசி எழும்பி
பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக் கேட்டா:

“கரண்ட் போயிட்டுதா கா?”