ஏழாம் மாடியில் நின்றது

பொங்கோலில் காலை ஆறரை.
மின்தூக்கிக் கதவு திறக்குமுன்
வாரைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டேன்.
போன செவ்வாய்
மிளகு உள்ளே, நான் வெளியே,
நடுவே மூடும் இரும்பு;
என் முழங்கை குறுக்கே போனதால்
கழுத்து தப்பியது.
முழங்கை இன்னும் நீலம்.

ஏழில் ஒரு தள்ளுவண்டி ஏறியது.
நான்கு கிலோ டெரியர்
நாற்பது கிலோவுக்குக் குரைத்தது.
"உட்கார்."
கோழித்துண்டைக் காட்டினேன்;
பாதி உட்கார்ந்தது.
பாதிக்கும் கூலி கொடுத்தேன்.
சக்கரத்தை மோந்துவிட்டு வாலை ஆட்டியது.

வண்டியைத் தள்ளியவர் பெயர் கேட்டார்,
நாயின் பெயரை.
மூன்று வருடமாய் இதே பெட்டிக்குள்
மாடி எண்களையே பார்த்து
இறங்கிப்போனவர்கள் நாங்கள்.

தரைத்தளத்தில்
என் பெயரையும் சொன்னேன்.
குரல்,
பழக்கமில்லாமல்,
குரைப்பு மாதிரி வந்தது.