பூச்சியம் கிலோ

ராத்திரி யாரும் கேட்காமலே
தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது கணினி.
விடிய முதல் லொறி நிறுவைப் பாலத்தில் ஏறியது.
நூற்று நாற்பது மூடை நெல்.
திரையில் 0.

பின்னால் எடு என்றார்கள், எடுத்தான் அஸ்மீர்.
மறுகா ஏத்து என்றார்கள், ஏற்றினான்.
பூச்சியம்.
இறங்கி டயரை உதைத்துப் பார்த்தான்
தன்னில்தான் ஏதோ குறை என்பது போல.

கல்முனையிலிருந்து நான் சம்மாந்துறை மில்லுக்கு வந்து சேர
பதினொரு லொறி, ஐந்து மெசின் பெட்டி,
வாசல் தாண்டி றோட்டு வளைவு வரைக்கும் வரிசை.
ஹெல்மெட்டைக் கழற்றினேன்.
காசாளர் தாசிம் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
"ரிப்பேர்க்காரன் வரல்லியா புள்ள?"
"நான்தான்."
கதிரையை உடனே தந்தார்.
பிளேன்டீ தர அரை மணித்தியாலம் யோசித்தார்.

முதலில் வயர். எப்போதும் முதலில் வயர்.
எலி கடிக்கவில்லை. எறும்பு புகவில்லை.
உமித்தூசியை ஊதித் திரும்பச் செருகினேன்.
நிறுத்தித் தொடக்கினேன்.
புள்ளிகள் வட்டமாய்ச் சுற்றின, சுற்றின,
தயாராகிறது, அணைக்க வேண்டாம் என்றது.
எதற்குத் தயாராகிறது என்று சொல்லவில்லை.

வெளியே கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.
தறப்பாள் இல்லாத பெட்டியில்
தன் நெல்லின் மேலே தானே குந்தியிருந்தார் உதுமாலெவ்வை,
முழங்கை வரை உள்ளே விட்டுச் சூடு பார்த்தபடி.
"நேத்து வெட்டின நெல்லு. நனைஞ்சா வில உழுந்திரும்.
அதையும் உங்கட பெட்டி சொல்லுமா?"

மூடையை எண்ணிப் போட்டால் என்ன என்றார் ஒருவர்.
நாலு பேர் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள்.
போன போகம் எண்ணித்தான் போட்டார்களாம்;
வயலில் எண்ணியது ஒன்று, கொப்பியில் எழுதியது ஒன்று.
விடியவிருந்து அந்தப் பெட்டியை
வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தவர்கள்தான்.
ஏச்சுக்குள் இத்தனை நம்பிக்கை இருந்ததை
நான் அப்போதுதான் கண்டேன்.

பத்தே முக்காலுக்குப் பிடிபட்டது.
"டிரைவர்லதான் பிழை" என்றேன் உரத்து.
"என்னிலயா?" அஸ்மீர் யன்னலுக்கே வந்துவிட்டான்.
"நாலரைக்கு ஒழும்பி வந்து நிக்கன்,
ஒரு மூட இறக்கி இருந்தாச் சொல்லுங்க!"
தராசு சொல்வதைக் கணினிக்குச் சொல்லும்
சின்னதொரு துபாசியை அப்படித்தான் சொல்வோம் என்றேன்.
ராத்திரி வந்த புதியவனுக்கு
இந்தக் கிழட்டுத் தராசின் பாஷை தெரியாது என்றேன்.
"அப்ப பேர மாத்துங்க" என்று போனான்.

பழையதற்குத் திரும்பும் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது.
புதுப்பிப்பைக் கழற்றப் போனால்
பத்து இலக்கத்தில் ஒரு பிழை எண், அதுக்கு விளக்கம் இன்னொரு எண்.
கடைசியில் சாவிக்கொத்தில் தொங்கும் பென்டிரைவில்,
ஒலுவில் மில்லுக்கென்று எப்போதோ இறக்கி
அழிக்க மறந்த கோப்பு.
பழையவனை உள்ளே விட்டேன்.
ஐந்து கிழமைக்கு எதையும் புதுப்பிக்காதே என்று கட்டளையிட்டேன்.
அதற்கு மேல் தள்ளிப்போட அது விடாது.
ஐந்து கிழமைக்குள் அறுவடை முடிந்துவிடும்.

திரை இமைத்தது.
13,260.
யாரும் கைதட்டவில்லை. தாசிம் கண்ணாடியைத் துடைத்தார்.
எண் திடீரென்று குறைந்தது, 13,190.
என் நெஞ்சு ஒருமுறை நின்றது.
யன்னலால் பார்த்தேன்:
பாலத்தின் ஓரத்தில் நின்ற அஸ்மீர்
வெற்றிலை துப்ப இறங்கியிருந்தான்.

எழுபது கிலோ.
விடியவிருந்து பூச்சியமாய் நின்ற மனிசன்.

அவன் லொறியைக் கிறுக்கி எடுத்தான்,
வரிசையைப் பார்த்துக் கையைக் காட்டினான்.
எட்டாவதாய் நின்ற பெட்டி முன்னுக்கு வந்தது.
உதுமாலெவ்வை நெல்லை விட்டு இறங்கினார்,
பாலத்துக்கு வெளியே போய் நின்றார்,
இன்னும் ஒரு எட்டு பின்னுக்கு வைத்தார்.
முதல் துளி கொங்கிறீற்றில் விழுந்தது.