இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில்

கல்லடிச் சந்தையில் பாரைக்குட்டியைச் சீவுகையில்
கத்தி வழுக்கிப் பெருவிரலில் ஏறிற்று.
மீனின் ரத்தமா என்னுடையதா என்று தெரியாமல்
வாங்க வந்தவர் பின்வாங்கினார்.

"இஞ்ச தா கா கையை" என்றாள் கீரைத்தட்டு ஜெசீமா.
மதிலோரம் கிடந்த கிணற்றடிப் பூண்டைக் கசக்கி
சாறு சொட்ட வைத்து அமுக்கினாள்.
போன மாசம் ஐஸ் உடைக்கிற பொடியனுக்கு
ஒரு பீடி எரிந்து முடியுமுன் நின்றது.

எனக்கு நிற்கவில்லை.

நெஞ்சுக்குள் உலோக வால்வு இருப்பதை
சந்தையில் யாருக்கும் சொன்னதில்லை.
ராத்திரியில் அது டிக் டிக் என்னும்.
புது மணிக்கூடா அம்மா என்று கேட்டான் மகன்.
அதில் ரத்தம் உறையாதிருக்க
அந்திக்கு அந்தி ஒரு ரோஸ் குளிசை.
மாதம் ஒருக்கா ஆஸ்பத்திரியில் கை நீட்டினால்
கொப்பியில் ஓர் எண் எழுதுவார்கள்.
இரண்டரைக்குக் கீழே போனால் கட்டிபடும்,
மூன்றரை தாண்டினால் கசியும்.
நடுவில் ஒரு முழ நிலம்,
ஏழு வருசமாய் அங்கேதான் குடியிருக்கிறேன்.

இலை இழுத்துப் பிடிக்கிறது.
நேற்றைய குளிசை, விடுவேனா என்கிறது.

ஜெசீமா இரண்டாம் பிடி பிடுங்கினாள்.
லுஹர் பாங்கு ஒலித்து ஓய்ந்தது.
அவளுடைய முளைக்கீரைக் கட்டுகள் வெயிலில் தலை சாய்ந்தன.
இருபத்தேழாம் நிமிடம்
பச்சைக்கு அடியில் ஏதோ தடித்தது.
இலையோ, அவள் கட்டைவிரலின் பலமோ,
எனக்குத் தெரியாது.

"என்ன கா ரத்தம், தண்ணியாட்டம்?"

சொன்னேன். குளிசை, வால்வு, எண், கீரை கூடினால் எண் இறங்குவது, எல்லாம்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
"அதுக்குத்தானா
என்ட தட்டில ஒரு நாளும் வாங்கல்ல?"