இரண்டரைப் பேர்

சீட்டுக் காசில் வேன் பிடித்து
அப்புத்தளையிலிருந்து பதினொரு பேர்.
ஹக்கல ஏற்றத்தில் பனி கண்ணாடியை மூடியது,
தவமணிக்கு இரண்டு தரம் வாந்தி.

"ஆளுக்கு முந்நூறு ரூபாய். நீங்களே பறிக்கலாம்,"
வாசலில் டிக்கட் கிழித்தான் இசுரு.
மரியசெல்விக்குச் சிரிப்பு அடங்கவில்லை:
"பறிக்க நாம காசு குடுக்கணுமாம்டி!"

தேயிலை இடுப்பருகே வந்து நிற்கும்.
ஸ்ட்ரோபரியைக் குனிந்து, இலை விலக்கித் தேட வேண்டும்.
இருந்தும்
இன்று ஞாயிறென்று விரல்களுக்கு யார் சொல்வது?
பத்து நிமிஷத்தில் பெட்டிகள் நிறைந்துவிட்டன.
இசுரு ஓடி வந்தான்:
"மெதுவா, அக்கா, மெதுவா!
வெள்ளைக்காரங்க ஒரு மணித்தியாலம் எடுப்பாங்க."

நிறுக்கையில் யாரும் பேசவில்லை. பழக்கம்.
ஈரத்துக்கென்று அவன் எதையும் கழிக்கவில்லை,
ஒரு பிடி மேலே போட்டான்.
கனகேஸ்வரி அந்தப் பிடியைத் தனியே எடுத்து
எண்ணினாள்.
ஏழு.

பிறகு பீப்பாய் அறை.
விரலளவு கிளாசில் சிவப்பு.
"வாயில் உருட்டிவிட்டுத் துப்பலாம்" என்று
ஒரு வெள்ளி வாளியைக் காட்டினார்கள்.
நாங்கள் வெளியே வரும்வரை
வாளி காய்ந்தே கிடந்தது.
"இருமல் மருந்து" என்ற தவமணி
இன்னொன்று கேட்டாள்.

போத்தலில் விலை ஒட்டியிருந்தது.
மனசுக்குள் எல்லோரும் வகுத்துப் பார்த்தோம்:
இரண்டரைப் பேர்,
நிறை குறையாமல் எடுத்தால்.
மிச்சச் சீட்டுக் காசைக் கொட்டி வாங்கினோம்.

மரியசெல்வியின் மடியில்
பிள்ளை போல் வந்தது அது.
வெலிமடைச் சந்தியில் வேன் நின்றபோதுதான்
கனகேஸ்வரி கேட்டாள்,
"அந்தத் தக்கையை
எதால திறக்கிறது?"