முழுப் பேர்

அட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
போன் திருத்தும் கடையில்
முப்பத்தெட்டாயிரத்துக்கு வாங்கிய லெப்டொப்.
இரண்டு எழுத்துகள் தேய்ந்திருந்தன.
பெற்றரி ஒரு மழைக்குத் தாங்கும்.

மூன்று வாரம் கழித்து
கொழும்பிலிருந்து ரிஸ்மின் கேட்டார்:
"யார் இந்த நிலுக்ஷ வீரக்கோன்?
உங்கட வேலையெல்லாம் அவர் செய்ததா இருக்கே."

நாற்பத்தொரு கமிட்.
கரண்ட் போய் வந்த இரவுகளில்
டொங்கிளை ஜன்னல் கம்பியில் கட்டி
மூடுபனி விலகும் வரை காத்திருந்து அனுப்பியவை.
ஒன்றிலும் நானில்லை.

எங்கள் மலையில் ஒரு நாள் வேலைக்குப்
பேர் என்றே பெயர்.
கிலோ குறைந்தால் அரைப் பேர்.
அம்மா முப்பத்தொரு வருடம் பேர் போட்டவள்.
நான் மூன்று வாரம்
முகந்தெரியாத ஒருவனுக்குப் போட்டிருக்கிறேன்,
முழுப் பேராகவே.

எந்த அமைப்பு எந்தக் கோப்பிலிருந்து வருகிறது
என்று காட்டச் சொல்லி ஒரு கட்டளை இருக்கிறது.
தட்டினேன்.
மேலே சிஸ்டம், அதன் கீழ் குளோபல், அடியில் லோகல்.
மூன்றும் முரண்பட்டால்
அடியில் இருப்பதன் சொல்லே செல்லும்.
இரண்டாம் முறையும் வாசித்தேன்.
துரை சொன்னதைக் கங்காணி மாற்றலாம்,
கங்காணி சொன்னதை
லயத்தின் கடைசிக் காம்பராக்காரி மாற்றலாம்
என்பது போல ஒரு சட்டம்.
எங்கள் தோட்டத்தில் இதை யாரும் கேள்விப்பட்டதில்லை.

குளோபலில் அவன் குடியிருந்தான்.
யூசர் டொட் நேம், யூசர் டொட் ஈமெயில்,
வரி முடிவுகளைத் தொடாதே என்றோர் உத்தரவு,
உள்ளே போனால் வெளியேறத் தெரியாமல்
ஒருநாள் நான் மெஷினையே நிறுத்திய அந்த எடிட்டர்,
புதிய வரிகளுக்குப் பச்சைக்குப் பதில் ஊதா.
பிறகு ஒரு சுருக்குச் சொல்:
அனே.
கிட் அனே என்று தட்டினால்
கடைசிக் கமிட் அவிழ்ந்து கைக்குத் திரும்புகிறது.
இருட்டில் தனியே சிரித்தேன்.
அவனும் நள்ளிரவில் தப்பை அனுப்பிவிட்டுத்
தலையில் அடித்துக்கொண்டவன்தான்.

பேரையும் முகவரியையும் அழித்துவிட்டு
ஒரு கமிட் போட்டுப் பார்த்தேன்.
தயவுசெய்து நீ யாரென்று சொல், என்றது.
தயவுசெய்து.
அடையாள அட்டைக்கு நின்ற எந்த வரிசையிலும்
அந்தச் சொல்லை எனக்கு யாரும் தந்ததில்லை.
துஷ்யந்தினி மருதாயி
என்று தமிழிலேயே தட்டினேன்.
எழுத்துப் பிழை பார்க்க ஓர் உத்தியோகத்தரும் இல்லை.

ஆனால் இது இனி வருவதற்கு.
போனது போனபடி நிற்கும்.
வரலாற்றைத் திருப்பி எழுதலாம்,
ஒன்பது பேருடைய பிரதிகள் குழம்பும் என்றார் ரிஸ்மின்.
மெயில்மெப் என்று ஒரு கோப்பு வையுங்கள்,
அவனும் இவளும் ஒருவரே என ஒரு வரி போதும்.

அந்த வரியை எனக்குத் தெரியும்.
பிறப்புச் சான்றில் மருதாயி,
செக்ரோலில் மருதை,
அடையாள அட்டையில் எவரோ எழுதிய மாறுதாய்.
மூவரும் ஒருவரே என்று
சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி கொடுத்து,
நான்கு தரம் பஸ் ஏறி,
ஈபிஎப் காசு வரப் பதினாறு மாதம்.

கோப்பைச் சேமித்தேன்.
நாற்பத்தொன்றும் என் பக்கம் திரும்பின.
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த அம்மா
"முத்திரை எவ்வளவு?" என்றாள்.
இல்லை என்றேன். நம்பவில்லை.

காலையில் ரிஸ்மின்:
"உங்கட பேர் எனக்குக் கட்டம் கட்டமாத் தெரியுது.
கொன்பிக்கில ஏதோ பிழை."
மறுபடி திறந்து பார்த்தேன்.
ஒவ்வொரு எழுத்தும் இருந்தது.
பிழை இங்கே இல்லை,
உங்கள் பக்கத்து எழுத்துருவைப் பாருங்கள்
என்று அனுப்பினேன்.

ஊதாவைப் பச்சையாக்கினேன்.
எடிட்டரை மாற்றினேன்.
அனேயை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.
பத்து மணிக்கே ஒருமுறை தேவைப்பட்டது.