மூச்சை அடக்குங்கள்

கடைசி நோயாளியும் போன பிறகுதான்
அதை உள்ளே கொண்டுவந்தார்கள்.
துவாலையில் சுற்றிய பதினோரு பலகைகள்,
ஒவ்வொன்றும் முழங்கை நீளம், விரல் தடிமன் கூட இல்லை.
தாவூ தீவுக்கு அப்பால்
எட்டு ஆள் ஆழத்தில்
வீட்டளவு உருண்டு கிடக்கும் பவளத்தின்
உச்சியிலிருந்து குடைந்தெடுத்த தண்டு.
துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டோம்,
சொத்தைப் பல்லுக்கு அடைப்பதுபோலத்தான்
என்றாள் எபெனேசா.
முக்குளிப்புக் கண்ணாடியின் தடம்
அவள் கன்னத்தில் இன்னும் சிவந்திருந்தது.

ராத்திரிப் பணியில் ஃபுவாடினோ.
முதல் பலகையை எக்ஸ்ரே மேசையில் கிடத்தி,
ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய்,
இருபது வருஷப் பழக்கத்தில்
மூச்சை அடக்குங்கள் என்றாள்.
எபெனேசா சிரித்துவிட்டாள்.
கல் அடக்கிக்கொண்டது.

திரையில் வரிகள்.
வெளுப்பு கறுப்பு வெளுப்பு கறுப்பு.
ஜோடிக்கு ஒரு வருஷம்,
வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்.
பென்சில் முனையால் எண்ணினார்கள்.
நூற்றுப் பத்து. இருநூற்று ஆறு.
முந்நூறைத் தாண்டும்போது காப்பி ஆறிப்போயிருந்தது.
நானூற்றுப் பன்னிரண்டில் தண்டு முடிந்தது.
பவளம் இன்னும் கீழே போகிறது,
துளைப்பான்தான் எட்டவில்லை.

நானூறு வயசா ஒரு உயிருக்கு?
உயிர் மேல்தோலில் மட்டும்தான்,
நகத்தின் தடிமன்.
அங்கே இருப்பதெல்லாம் நேற்று வந்த பொடிசுகள்.
ஒன்று தன்னையே இரண்டாக்கும்,
இரண்டும் தரையை உயர்த்திக்கொண்டு
மேல்மாடிக்குக் குடிபோகும்.
கீழே முழுக்கக் காலி வீடு.
நானூறு வயசு ஆள் என்று
அதில் யாருமே கிடையாது.
ஆனால் செத்த நாளும் கிடையாது.

இது கடல் கொதித்த வருஷம் என்று
நெற்றிச் சுருக்கம்போல் நெருங்கிய ஒரு கோட்டை
எபெனேசா காட்டிக்கொண்டிருந்தாள்.
ஃபுவாடினோ வேறொன்றைத் தேடினாள்.
உச்சியிலிருந்து எண்ணி இறங்கினாள்.
இரண்டாயிரத்து ஒன்பது.
லெயோனே கரையில் கடல் ஏறிய செப்டம்பர்.
செருப்பை எடுக்கத் திரும்பி ஓடிய தம்பி.

விரல் வைத்தாள்.
ஒரு வெளுப்பு. ஒரு கறுப்பு.
அதே ஒரு சென்டிமீட்டர்.
பக்கத்து வருஷத்தைவிட
மயிரிழை கூடவே இருக்கும்.

அளவுகோலை வாங்கி
இன்னொரு தடவை அளந்தாள்.

படிவம் பிறந்த தேதி கேட்டது.
ஆயிரத்து அறுநூறு என்றால் கட்டம் சிவக்கிறது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு முன்னால்
கணினியைப் பொறுத்தவரை யாரும் பிறக்கவில்லை.
அதையே போட்டாள், ஜனவரி ஒன்று.
பாலினம்: தெரியாது.
உபாதை: ஒன்றுமில்லை.
உடன் வந்தவர் என்ற இடத்தை
எபெனேசா கையெழுத்திட்டு நிரப்பினாள்.

பலகைகள் காலைவரை அங்கேயே இருக்கட்டும் என்று
விளக்கணைத்து, கதவைப் பூட்டி,
கார் நிற்கும் இடம்வரை போனாள்.
மழை தூற ஆரம்பித்திருந்தது.
அப்போதுதான் நினைவு வந்தது,
மூச்சு விடலாம் என்று
சொல்லவே இல்லை.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றாள்.