வரவு மட்டும்

எல்லோருக்கும் ஒரே தொகை.
தலைக்கு முன்னூறு, வருஷத்துக்கு ஒருக்கா.
முக்கூடல் பீடிக்கடை மாடியில்
முடிவான அன்று கைதட்டியவர்களில்
நானும் ஒருத்தி.
கணக்கு நோட்டு என்னிடம்தான்.

ஏஜென்ட் வீட்டு ஜெபக்கனி
மாவு மிஷினுக்குப் போகிற வழியில்
முழுசாக நீட்டிவிட்டுப் போனாள்.
உடையங்குளம் முப்பிடாதிக்கு நாலு தவணை.
கடைசி முப்பது ரூபாயில் தூள் நெடி.
செக்கர் கழித்துப் போடும் கட்டெல்லாம்
அவள் கூலியில் கழியும்.
என் நோட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

ஐப்பசி முழுக்க அவளுக்கு அடிவயிற்றில் வலி.
பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி
பாளையங்கோட்டையில் இருக்கிறது.
ஒரு ராத்திரியாவது படுக்கவேண்டும்,
ரசீது மூன்று பிரதி வேண்டும்.
உள்ளே போனால் செலவு நம்முடையது,
வாசல்வரை அவள் பாடு.
மினிபஸ், துணைக்கு ஒருத்தி,
இரண்டு பேருக்கும் போகிற இரண்டு நாள் கூலி.
"நான் போய்ப் படுத்துக்கிட்டா
இலை யாரு வெட்டுவா?"
மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கினாள்.
மாத்திரைக்கு விதியில் இடமில்லை.

ஆண்டுக் கூட்டத்துக்கு முந்தின ராத்திரி
ஊர்வாரியாகக் கூட்டிப் பார்த்தேன்.
உடையங்குளம்: அறுபத்தொரு பேர், மூன்று வருஷம்,
ஐம்பத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரம் வரவு.
செலவுப் பத்தியில் மை படவே இல்லை.
என் பித்தப்பைக் கல்லுக்கு முப்பத்தோராயிரம்.
ஜெபக்கனியின் கண்புரைக்கு இருபத்திரண்டு.
போக,
ஆயிரத்துத் தொள்ளாயிரம் மிச்சம்.

எங்கள் இரண்டு வீட்டிலிருந்தும்
பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம்.

யாரும் திருடவில்லை.
ரசீது ஒவ்வொன்றும் சரி.
ஒரே தொகை, ஒரே விதி, ஒரே சீல்.

மறுநாள் எழுந்து சொன்னேன்:
மிச்சத்தில் வழிச்செலவு கொடுப்போம்,
துணைக்குப் போகிறவள் கூலியும்.
"பஸ்ஸுல போறதுக்குமா காப்பீடு?"
யாரோ சிரித்தார்கள்.
அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி
காராச்சேவு கொடுத்தார்கள்.
நானும் தின்றேன்.

இன்று முப்பிடாதி வந்தாள்,
இந்த வருஷத்து முதல் தவணையோடு.
எழுபது ரூபாய்.
வலி எப்படி இருக்கு என்றேன்.
"அது பாட்டுக்கு இருக்கு.
கெட்டாம விட்டா பேரு போயிரும்லா."
எண்ணி வாங்கினேன். எழுதினேன்.
படியிறங்கப் போனவள் திரும்பி,
உண்மையான அக்கறையோடு கேட்டாள்:

"ஒங்களுக்கு அந்தக் கல்லு
சரியாயிட்டா, மைனி?"